சாட்சி சொல்லாத மூட்டுநீர்

தம்பி,

மாத்திரை அண்ணாச்சியின் கிளினிக் வாசலில் நான் நாலு நாளாகப் போய் உட்காரவில்லை என்கிற செய்தி நீ வேலை பார்க்கிற ஓசூர் வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது போலிருக்கிறது. நேற்று சாயங்காலம் போனில் உன் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "நல்ல காரியம் பண்ணுன. இதோட விட்டுரும்மா. கல்யாணத்துக்கு இன்னும் ஒன்றரை மாசந்தான் இருக்கு" என்றாய். நான் போனை உங்கப்பா கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டேன். அம்மா ஒருவழியாகச் சமாதானமாகிவிட்டாள் என்று நினைத்திருப்பாய். நான் சமாதானமும் ஆகவில்லை, ஒரு மண்ணும் ஆகவில்லை. அந்த மனுஷன் மேல் இருக்கிற ஆத்திரம் இம்மியளவும் குறையவில்லை. வாயடைத்துப்போய் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான். ஏன் வாயடைத்தது என்பதைப் போனில் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. அதனால்தான் பத்தாம் வகுப்போடு ஓரங்கட்டி வைத்த எழுத்தை இப்போது எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் நிச்சயதார்த்தத்தன்று செல்வி வீட்டுக் கூடத்தில் ஜமுக்காளம் விரித்து உன்னைச் சம்மணம் போட்டு உட்காரச் சொன்னார்கள். வலது கால் மடங்கியது. இடது கால் மடங்கவில்லை. முட்டி தரைக்கு வராமல் மேலேயே நின்றது. நீ கையால் அதை அமுக்கிப் பார்த்தாய், ஒரு நொடி முகம் சுருங்கியது, பிறகு ஒன்றுமே நடக்காதது மாதிரி காலை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்துக்கொண்டாய். எல்லாரும் தட்டு மாற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் உன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து கேட்டதற்கு, பைக்கில் இருந்து இறங்கும்போது பிசகிவிட்டது, தைலம் தேய்த்தால் போய்விடும் என்றாய். எனக்கும் இப்படித்தானடா ஆரம்பித்தது. கோயிலில் பொங்கல் வைக்க உட்காரப் போனேன், இடது கால் மடங்கவில்லை. ஆகவே இந்தக் கடிதத்தைக் கடைசிவரை படி. நடுவில் கோபம் வந்து கிழித்துப் போட்டுவிடாதே. நீ செய்ய வேண்டிய வேலை கடைசியில்தான் இருக்கிறது.

விஸ்வநத்தம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் நான் புஸ்வாணக் கூட்டில் மருந்து அடைத்துக்கொண்டிருந்தது உனக்கு நினைவிருக்கும். சாயங்காலம் வேனை விட்டு இறங்கும்போது முகம், கை, கழுத்து எல்லாம் அலுமினியப் பொடி பளபளக்கும். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது விரலால் தொட்டுத் தொட்டு உன் நெற்றியில் வைத்துக்கொள்வாய். அந்தப் பொடிதான் மூச்சுக்குள்ளும் போயிற்று. முதலில் அரிப்பு, பிறகு இருமல், பிறகு இளைப்பு. சீசனில் லீவு கேட்க முடியாது. தீபாவளிக்கு மூன்று மாதம் இருக்கும்போது நாலு நாள் வராமல் இருந்தால் என் இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்திருக்கும். கூட வேலை பார்த்தவர்கள்தான் அண்ணாச்சியிடம் போகச் சொன்னார்கள். அவர் முன்பு ஒரு நிஜ டாக்டரிடம் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை பார்த்தவர். டாக்டர் காலமான பிறகு அவருடைய நாற்காலியில் இவர் உட்கார்ந்துகொண்டார். போர்டில் டாக்டர் பெயரை மட்டும் பெயிண்ட் அடித்து மறைத்திருந்தார். அச்சகத்தில் பிழையாக அடித்த பட்டாசு லேபிளை வாங்கிவந்து, அதை வெட்டித்தான் மாத்திரை மடித்துத் தருவார். பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே பாதிப் பூவோ, சிரிக்கிற குழந்தையின் பாதி முகமோ இருக்கும். என்ன மாத்திரை என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

காலையில் தின்றால் மத்தியானத்துக்குள் மூச்சு லேசாகிவிடும். அரிப்பு போன இடம் தெரியாது. பசி என்றால் அப்படி ஒரு பசி. ரெண்டே மாதத்தில் என் கன்னம் உருண்டு, முகம் வட்டமாகிவிட்டது. கம்பெனியில் பொம்பளைகள் எல்லாரும் என்னைச் சுற்றிக்கொண்டு, "எக்கா, என்ன சாப்பிடுதீக? மொகம் நெலாக் கணக்கா பூரிச்சிருக்கு" என்று கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்டுடியோவில் போய்த் தனியாக ஒரு போட்டோகூட எடுத்துக்கொண்டேன். வறுமையில் எலும்பும் தோலுமாக வளர்ந்தவளுக்குச் சதை போட்டால் அது நோய் என்று எப்படித் தோன்றும்? அந்தப் பொட்டலத்தின் மகிமையைச் சொல்லிச் சொல்லி நானே ஒன்பது பேரை அவரிடம் கூட்டிப்போயிருக்கிறேன். பின்னாளில் மதுரை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், அந்த மாத்திரை ஸ்டீராய்டாம், அதை அதிகமாகத் தின்றால் முகம் அப்படித்தான் வீங்குமாம். டாக்டர்களே அதற்கு நிலா முகம் என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்களாம். அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அந்தப் போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றி அடுப்பில் போட்டேன்.

இடுப்பு வலி வந்தபோதும் அண்ணாச்சியிடம்தான் போனேன். ஒரு ஊசி போட்டார். வலி பறந்துவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன். மூன்று வாரம் கழித்து வலி திரும்ப வந்தது, திரும்பவும் ஊசி. இப்படி ஒரு வருஷம். அந்த ஊசியிலும் இருந்தது அதே சரக்குத்தான் என்பது எனக்கு எப்போது தெரிந்தது என்கிறாய்? இடது கால் ஒரு அங்குலம் குட்டையாகி, நான் நொண்டிக்கொண்டு வருவதைப் பார்த்து மேஸ்திரி என்னை வேலைக்கு வரவேண்டாம் என்று சொன்ன பிறகுதான். உங்கப்பா என்னை மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போனார். படம் எடுத்துப் பார்த்துவிட்டு அங்கே சொன்னார்கள், தொடை எலும்பின் தலையில் இருக்கிற பந்துக்கு ரத்த ஓட்டம் நின்று எலும்பு செத்துப்போய்விட்டது, செத்த எலும்பு என் பாரத்தைத் தாங்காமல் உள்ளே நொறுங்கி அமுங்கிவிட்டது என்று. உசுரோடு இருக்கிற மனுஷிக்கு உள்ளே எலும்பு மட்டும் எப்படிச் சாகும் என்று கேட்டேன். நெடுநாள் ஸ்டீராய்டு தின்றீர்களா என்று பதிலுக்குக் கேட்டார்கள். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. உங்கப்பாதான் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு ஒரே நினைப்பு, அண்ணாச்சியை விடக்கூடாது. ஆபரேஷன் பண்ணிப் புதுப் பந்து வைப்பார்கள், நடப்பேன், அதெல்லாம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு டாக்டர் பெண் வந்தாள். மேல்படிப்புப் படிக்கிறவள், உன் வயசுதான் இருக்கும். இடுப்பு மூட்டுக்குள் வழவழவென்று கொஞ்சம் தண்ணீர் இருக்கும், ஆபரேஷன் சமயத்தில் அதில் கொஞ்சம் ஊசியால் எடுத்துக்கொள்ளட்டுமா, ஆராய்ச்சிக்கு வேண்டும் என்று பொறுமையாகக் கேட்டாள். எனக்கு உடனே புத்தி எங்கே போனது தெரியுமா? கம்பெனியில் ஒரு அறை வெடித்துவிட்டால் அதிகாரிகள் வந்து பக்கத்து அறை மருந்தில் சாம்பிள் எடுத்து டப்பாவில் சீல் வைத்துக் கொண்டுபோவார்கள். எந்தக் கலவை தப்பு, யார் தப்பு என்பதைச் சாம்பிள் சொல்லிவிடும். ஆகா, இடுப்பு வெடித்த இடத்தில் சாம்பிள் எடுக்கிறார்கள், அண்ணாச்சி மாட்டினான் என்று எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. "ரெண்டு பாட்டில்ல எடுங்கம்மா. ஒண்ணு ஒங்களுக்கு, ஒண்ண எனக்குக் குடுங்க. திங்கக்கெழம சூலக்கரைல கலெக்டர் மனு வாங்குறாக, அங்கன கொண்டுபோய்க் காட்டணும்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எனக்கு விளங்குகிற மாதிரி சொன்னாள். நீங்கள் தின்ற மாத்திரை அந்தத் தண்ணீரில் இருக்காது, அது உடம்பை விட்டு எப்போதோ போய்விட்டது, அண்ணாச்சி பெயரை அந்தத் தண்ணீர் சொல்லாது என்றாள். பின்னே எதற்கு எடுக்கிறாய் என்றேன். அதில் கொஞ்சமாகக் குருத்துச் செல்கள் மிதக்கும், ஸ்டெம் செல் என்பார்கள், எலும்பாகவோ குருத்தெலும்பாகவோ ஆகக்கூடிய சக்தி அவற்றுக்கு உண்டு, எலும்பு செத்துக்கொண்டிருக்கிற மூட்டில் அவை எத்தனை இருக்கின்றன, அந்தச் சக்தி இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கிறோம் என்றாள். எனக்கு அதைத் திரும்ப வைப்பீர்களா என்றேன். இல்லை, இது இன்னும் வைத்தியமாக ஆகவில்லை, ஆராய்ச்சிதான், உங்கள் எலும்பு நொறுங்கிவிட்டது, இனி அது உங்களுக்கு உதவாது, பிற்பாடு இந்த நோயைச் சீக்கிரமே கண்டுபிடிக்கிறவர்களுக்கு உதவினால் உதவும் என்று ஒளிக்காமல் சொன்னாள். எனக்கு வந்ததே எரிச்சல். சாட்சி சொல்லாத தண்ணீரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? ஆனாலும் அந்தப் பிள்ளை கேட்ட விதத்துக்காகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஆபரேஷன் முடிந்து நடக்கப் பழகியதும் சூலக்கரைக்குப் போய் மனுக் கொடுத்தேன். வரிசையில் நிற்க முடியாமல் உங்கப்பா தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மனுவைக் குறை சொல்ல மாட்டேன், வாங்கினார்கள், ஆளும் அனுப்பினார்கள். ஆனால் அண்ணாச்சிக்கு முன்கூட்டியே மூக்கில் வியர்த்துவிட்டது. வந்தவர்கள் பார்த்தபோது அந்த அறையில் தலைவலித் தைலமும் காய்ச்சல் மாத்திரையும்தான் இருந்தன. ஒரு வாரம் பூட்டு. எட்டாம் நாள் திறந்து, லேபிள் பேப்பரை வெட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இனி யாரை நம்பியும் பயனில்லை, நாமே பார்த்துக்கொள்வோம் என்று அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன்.

உங்கப்பா தினமும் காலையில் கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப்போகிற வேனில் நானும் ஏறிக்கொள்வேன். அண்ணாச்சி கிளினிக் வாசலில் நிறுத்தி, வாக்கரை இறக்கி வைத்துவிட்டுப் போய்விடுவார். எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரைக்கும் நோயாளிகள் உட்காருகிற பெஞ்சில் நானும் உட்காருவேன். சண்டை போடவில்லை, சத்தம் போடவில்லை, யாரையும் மறிக்கவில்லை. யார் வந்தாலும் ஒன்றையே சொல்வேன். "இந்தப் பொட்டலத்த நானும் ஏழு வருசம் தின்னேன். இப்ப எந்திரிச்சு நடந்து காட்டுதேன். பாத்துட்டு வாங்கிக்கிடுங்க." சொல்லிவிட்டு வாக்கரைப் பிடித்து எழுந்து, சுவர் வரைக்கும் போய்த் திரும்பி வந்து உட்காருவேன். பத்தில் ஆறு பேர் அப்படியே திரும்பிப் போய்விடுவார்கள். ஏற்கெனவே தின்றுகொண்டிருப்பவர்களிடம் மட்டும், பட்டென்று நிறுத்திவிடாதீர்கள், அதுவும் ஆபத்து, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லி அவர்கள் குறைத்துக் கொடுக்கிறபடி குறையுங்கள் என்பேன். அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் அந்த டாக்டர் பெண்தான். மருந்து மேல் பழி போடாதீர்கள், அது அளவாக, சரியான நோய்க்குக் கொடுத்தால் உயிரைக் காப்பாற்றுகிற மருந்து என்றும் சொல்லியிருந்தாள். அதையும் சொல்லிவிடுவேன். எனக்கு மருந்தோடு என்ன பகை? அதைக் கொடுத்தவனோடுதான் பகை.

அண்ணாச்சி முதல் வாரம் காபி வாங்கிக் கொடுத்துப் பார்த்தார். குடித்தேன். குடித்துவிட்டு அடுத்த ஆளிடமும் அதையே சொன்னேன். பெஞ்சை உள்ளே தூக்கிப் போட்டார். வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுபோனேன். ஒருநாள் கூட்டமே இல்லாத நேரம் பார்த்து என் முன்னால் வந்து நின்று, "எக்கா, எம் பொழப்புல மண்ணள்ளிப் போடாதீக" என்றார். "என் இடுப்புல நீங்க போட்டத விடவா அண்ணாச்சி?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார். நாலு மாதத்தில் அந்த மனுஷன் சவரம் பண்ணுவதை விட்டார், சட்டைக்கு இஸ்திரி போடுவதை விட்டார். பத்து மணிக்கு ஜேஜே என்று இருந்த வாசலில் நானும் அவரும் மட்டும் உட்கார்ந்திருப்போம். பாவமாக இல்லையா என்று நீ கேட்டாய். பொய் சொல்ல மாட்டேன் தம்பி, எனக்கு அது இனித்தது. வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேன். செல்வி வீட்டார் அதே தெருவில் இருக்கிறார்கள், சம்பந்தியம்மா இப்படித் தெருவில் உட்கார்ந்திருப்பது அசிங்கமாக இருக்கிறது என்று அவர்கள் உன்னிடம் சொல்ல, நீ என்னிடம் சொல்ல, நான் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

அப்புறம்தான் உன் நிச்சயதார்த்தம் வந்தது, உன் கால் மடங்கவில்லை. அந்த வாரமே எனக்கு மதுரையில் பரிசோதனை இருந்தது. வலது பக்கமும் ஆரம்பித்திருக்கிறது என்று சொன்னார்கள். அது என் காதில் சரியாக விழவே இல்லை. நேரே அந்த டாக்டர் பெண்ணைத் தேடிப் போனேன். என் தண்ணீர் என்ன ஆயிற்று என்று கேட்டேன். அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவள் வேலை பார்க்கிற அறைக்குக் கூட்டிப்போய், பெரிதாகக் காட்டுகிற கண்ணாடி வழியாக ஒன்றைப் பார்க்கச் சொன்னாள். வட்டமான தட்டில் மெல்லிசாக, நீளநீளமாக, ஒன்றோடு ஒன்று ஒட்டினாற்போல் என்னவோ தெரிந்தது. உங்கள் மூட்டில் இருந்து எடுத்ததுதான் அம்மா, எண்ணிக்கை கம்மிதான், மெதுவாகத்தான் வளர்கிறது, ஆனால் வளர்கிறது என்றாள். எனக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. ஏழு வருஷம் விஷம் மாதிரி ஊற்றியும் சாகாமல் வளருதே, அதுக்கு எம்புட்டு ரோஷம் என்று நினைத்தேன். அடுத்த நிமிஷம் என்னை அறியாமல், இதை என் மகனுக்கு வைக்கலாமா என்று கேட்டுவிட்டேன்.

அவள் முகம் மாறிவிட்டது. மகனுக்கு என்ன, இடுப்பு வலியா, அவரும் ஸ்டீராய்டு சாப்பிட்டாரா என்று அடுக்கடுக்காகக் கேட்டாள். நான், "இல்லம்மா, சும்மா கேட்டேன்" என்றேன். அவள் என்னை விடவில்லை. அப்படி ஏதாவது இருந்தால் உடனே எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லுங்கள், ஆரம்பத்தில் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது, பந்து நொறுங்குவதற்கு முன்னால் வந்துவிட்டால் எலும்பில் சின்னதாகத் துளை போட்டு உள்ளே இருக்கிற அழுத்தத்தைக் குறைத்துப் பார்க்கலாம், நிறையப் பேருக்குச் சொந்த மூட்டைக் காப்பாற்ற முடிகிறது, நொறுங்கிய பிறகு வந்தால் உங்களை மாதிரி மாற்றத்தான் வேண்டும் என்றாள். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். வந்து ஒரு மாதம் ஆகிறது. இந்த ஒரு மாதமும் உன்னிடம் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக அண்ணாச்சி வாசலில் இன்னும் அரைமணி நேரம் கூடுதலாக உட்கார்ந்தேன்.

போன வெள்ளிக்கிழமை ஒரு அம்மா வந்தாள். மகளைப் பெண் பார்க்க அடுத்த மாதம் வருகிறார்களாம், பிள்ளை ஒல்லியாக இருக்கிறாளாம், கொஞ்சம் சதை பிடிக்கிற மாத்திரை வேண்டும் என்று கேட்டாள். எனக்கு உச்சி வரைக்கும் ஏறிவிட்டது. வழக்கமாகச் சொல்வதைச் சொல்லவில்லை. நாற்காலியில் இருந்து எழுந்து, பெற்ற பிள்ளைக்கு யாராவது இப்படிச் செய்வார்களா, நீயெல்லாம் ஒரு தாயா என்று அந்த அம்மாவை வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவள் அழுதுவிட்டாள். அப்போது அண்ணாச்சி உள்ளேயிருந்து வந்தார். சத்தமே போடவில்லை.

"எக்கா, இந்தம்மாவ ஏசுதீகளே. ஒங்க மகனுக்குன்னு ரெண்டு வருசம் எங்கிட்ட வந்து வாங்குனது யாரு? இளைப்பு நின்னுருச்சு, போதும்னு நான் சொன்னேன். வேணும்னு நின்னு வாங்குனீக. அந்தப் பயல ஒரு நாளாவது எங்கண்ணுல காட்டுனீகளா?"

அங்கே இருந்த நாலு பேரும் என்னையே பார்த்தார்கள். வாக்கரை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, வேன் வருகிற வரைக்கும் வெயிலில் நின்றேன். அவர் போதும் என்று சொன்னாரா என்று எனக்கு நினைவில்லை. அது பொய்யாகக்கூட இருக்கலாம். மற்றது எல்லாம் நிஜம்.

பதினோராம் வகுப்பில் உனக்கு இளைப்பு வந்ததே, நினைவிருக்கிறதா? பத்து நாள் பொட்டலம் கொடுத்தேன், நின்றுவிட்டது. அந்தப் பத்து நாளைத்தான் உனக்குத் தெரியும். அதோடு நான் நிறுத்தவில்லை. பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்து போகிறவன் அந்தப் பத்து நாளும் தட்டை வழித்துத் தின்றாய். பள்ளிக்கூடத்தில் உன்னைக் குச்சி, குச்சி என்று கேலி பண்ணினார்கள், நீ வீட்டில் வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாய். எனக்கு முகம் உருண்ட மாதிரி உனக்கும் உருளட்டும் என்று ஆசைப்பட்டேன். மாத்திரை என்றாலே நீ துப்பிவிடுவாய். அதனால் தினமும் காலையில் அரை மாத்திரையைக் கரண்டியால் நசுக்கிப் பாலில் கரைத்துக் கொடுத்தேன். உன்னிடம் சொல்லவில்லை. உங்கப்பாவிடமும் சொல்லவில்லை. பொங்கலுக்குள் உன் கன்னம் பொதுக்கென்று ஆகிவிட்டது, சொந்தக்காரர்கள் எல்லாரும் உன் பிள்ளைக்கு என்ன கொடுக்கிறாய் என்று கேட்டார்கள், நான் கர்வமாகச் சிரித்தேன். பால் கசக்குதும்மா என்று நீ ரெண்டு மூன்று தடவை சொன்னாய். நான் சர்க்கரையை இன்னொரு கரண்டி போட்டேன். நீ ஓசூருக்குப் போகிற வரைக்கும், ரெண்டு வருஷம், அந்தப் பாலைக் குடித்தாய்.

அண்ணாச்சி என் கையில் பொட்டலம் கொடுத்தது தப்பு, அதற்கு அவரை நான் விடமாட்டேன். ஆனால் உன் வாயில் ஊற்றியது என் கை. இந்த ஏழெட்டு மாதமாக அவர் வாசலில் உட்கார்ந்து நான் கக்கின ஆத்திரத்தில் பாதி எனக்குச் சேரவேண்டியது. அது எனக்கு உள்ளுக்குள் தெரியும். தெரிந்ததால்தான் இன்னும் சத்தமாகக் கக்கினேன். எனக்கு ஒன்றும் தெரியாது, படிக்காதவள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள மாட்டேன். அவரும் அதைத்தான் சொல்கிறார், எனக்கென்ன தெரியும் என்று. அவரை அதற்காக விடாத நான் என்னை மட்டும் எப்படி விடுவேன்?

இனி உன் வேலை. நாளைக்கே லீவு சொல்லிவிட்டு ஓசூரில் எலும்பு டாக்டரிடம் போ. இடது தொடையிடுக்கில் வலி, சம்மணம் போட முடியவில்லை, பதினாறு வயசிலிருந்து பதினெட்டு வயசு வரைக்கும் தினம் ஸ்டீராய்டு தின்றிருக்கிறேன் என்று மூன்றையும் சொல். மூன்றாவதைக் கூசிக்கொண்டு விட்டுவிடாதே, அதைச் சொன்னால்தான் அவர்களுக்குப் புரியும். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று அனுப்பினால் திரும்பி வராதே, ரெண்டு இடுப்புக்கும் எம்ஆர்ஐ வேண்டும் என்று கேள். வலிக்கு யாராவது ஊசி போடுகிறேன் என்றால் அது என்ன ஊசி என்று கேட்காமல் கையை நீட்டாதே. செல்வியிடம் நீயே சொல். அவள் நல்ல பெண், ஆனால் எந்தப் பெண்ணுக்கும் இது தெரிந்துதான் மாலை மாற்ற வேண்டும். கல்யாணம் தள்ளிப்போனால் தள்ளிப்போகட்டும், அவர்கள் வீட்டார் என்னை ஏசினால் ஏசட்டும்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு நான் திரும்பவும் அங்கே போய் உட்காரப்போகிறேன். என் வாயை அடைக்க அண்ணாச்சியிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான், அது இந்தக் கடிதத்தோடு அவர் கையை விட்டுப் போய்விட்டது. இனி யார் வந்தாலும் சேர்த்தே சொல்வேன், நான் ஏழு வருஷம் தின்றேன், என் மகனுக்கு ரெண்டு வருஷம் அவனுக்கே தெரியாமல் பாலில் கொடுத்தேன் என்று. அவரும் கேட்கட்டும், செல்வி வீட்டுத் தெருவும் கேட்கட்டும். அந்தக் கதவு நிரந்தரமாகச் சாத்துகிற வரைக்கும் நான் எழுந்து வருவதாக இல்லை. ஊரார் வாயிலிருந்து அது உன் காதுக்கு வருவதற்கு முன்னால் என் கையெழுத்தில் வரவேண்டும் என்றுதான் இத்தனையும் எழுதினேன்.

என்னை ஏச வேண்டுமானால் போனில் ஏசு. ஆத்திரம் தீராவிட்டால் நேரில் வந்து முகத்துக்கு நேரே ஏசு. உன் கல்யாணத்துக்கு வரவேண்டாம் என்று சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். எல்லாவற்றையும் படம் எடுத்த பிறகு செய். முதலில் போய்ப் படம் எடு.

அம்மா